அயலவர் காத்த கற்கள்

பெய்ஜிங்கின் பழைய கோயில்களையும் அரண்மனைகளையும் பார்க்க எப்போது வரலாம் என்று கேட்பவர்களுக்கு நான் மார்கழியையும் தையையும்தான் சொல்வேன். குளிர் பூச்சியத்துக்குக் கீழே பத்துப் பாகை வரை இறங்கும். வடக்கிலிருந்து வீசும் காற்று காதைக் கடிக்கும். ஆனால் அந்தக் காற்றுத்தான் நகரத்தின் புகையையும் தூசியையும் அள்ளிக்கொண்டு போய் வானத்தை நீலமாக்கி வைக்கிறது. கோடையில் ஆளோடு ஆள் முட்டும் முற்றங்களில் அப்போது ஆறுதலாக நடக்கலாம். நுழைவுச்சீட்டும் மலிவு: பேரரசர்களின் அரண்மனைக்குக் கோடையில் 60 யுவான், குளிர்காலத்தில் 40.

மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவனுக்கு அந்த மாதங்கள் மாரிகாலம். வாவி கரை தொட்டு நிற்கும். வட்டைகளில் வேளாண்மை பச்சை பிடித்திருக்கும். மாமாங்கேஸ்வரர் கோயிலில் விடியற்புறம் திருவெம்பாவைப் பூசை நடக்கும். பெய்ஜிங்கில் அப்போது மரங்களில் இலை இருக்காது. வேலை நிமித்தம் இந்த நகரத்துக்குக் குடிவந்த பிறகு, விடுமுறை நாட்களை வீட்டுக்குள்ளேயே கழிக்க மனமில்லாமல் நாங்கள் குடும்பமாகக் கோயில் கோயிலாகப் போகத் தொடங்கினோம்.

எனக்கு மிகவும் பிடித்தது வானக் கோயில். மிங் வம்சத்துப் பேரரசன் யொங்லெ 1420இல் கட்டி முடித்தது. நல்ல விளைச்சல் வேண்டி வழிபடும் மண்டபம் 38 மீற்றர் உயரம். மூன்றடுக்கு நீல ஓட்டுக் கூரை. ஆணி அறையாமல் மரத்தோடு மரம் பூட்டிய வேலைப்பாடு. நடுவே நிற்கும் நாலு பெருந்தூண்கள் நாலு பருவங்கள். அவற்றைச் சுற்றியுள்ள 12 தூண்கள் மாதங்கள். வெளிச்சுற்றில் உள்ள 12 தூண்கள், சீனர்கள் ஒரு நாளைப் பகுத்த 12 பொழுதுகள். 1889இல் இடி விழுந்து எரிந்துபோனதை அதே அமைப்பில் திரும்பக் கட்டினார்கள். தெற்கே கூரையில்லாத வட்டப் பளிங்கு மேடை. உச்சித் தட்டின் நடுவில் ஒரு கல், அதைச் சுற்றி 9, அடுத்த வட்டத்தில் 18, பிறகு 27 என்று 81 வரை கற்கள் பரவிப் போகின்றன. ஆண்டின் மிக நீண்ட இரவு வரும் மார்கழி நாளில், நோன்பிருந்து வந்த பேரரசன் இந்த மேடையில் வானத்தை வணங்குவான்.

மழைக்கு அண்ணாந்து பார்த்தே வாழ்ந்த வேளாண்மைக்காரச் சனத்தின் பிள்ளை நான். விளைச்சலுக்காக ஒரு பேரரசன் குளிரில் மண்டியிட்டான் என்பது என் மனதைத் தொட்டது. ஆனால் விதைத்து அறுத்தவனுக்கு அந்த மேடையில் கால் வைக்க உரிமை இருக்கவில்லை. எங்கள் மாமாங்கத் தீர்த்தம் அப்படியல்ல. ஆடி அமாவாசையில் தகப்பனை இழந்தவர்கள் அங்கே வந்து தலை முழுகுவார்கள். போடியாரும் கூலிக்காரரும் அதே தண்ணீரில் நின்றுதான் செத்தவர்களை நினைப்பார்கள். அந்தக் குளத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, ஒருவனுக்கு மட்டும் உரிய கோயில் என்பதை விளங்கிக்கொள்ளவே நேரம் எடுத்தது. பேரரசர்கள் போன பிறகு 1918இல் வானக் கோயில் பொதுப் பூங்காவானது. இன்று அதன் நீண்ட நடைமண்டபத்தில், கடுங்குளிரிலும், ஓய்வு பெற்ற கிழவர்கள் சீட்டாடுகிறார்கள். கம்பளிக் குல்லாய் போட்ட பெண்கள் வட்டமாக நின்று இறகுப் பந்தைக் காலால் தட்டி விளையாடுகிறார்கள். அந்த இடத்துக்கு உயிர் கொடுப்பவர்கள் இப்போது இவர்கள்தான்.

அரண்மனைக்கும் அதே கதைதான். யொங்லெ 1406இல் தொடங்கி 1420இல் முடித்த அந்த மாளிகைத் தொகுதியில் 24 பேரரசர்கள் இருந்து ஆண்டார்கள். சாதாரண மனிதர் நுழைந்தால் தலை போகும் இடமாக இருந்தது, 1925இல் நூதனசாலையாகத் திறந்தது. அங்கே மண்டபங்களையும் சிங்காசனத்தையும் விட என் கண்ணை இழுத்தவை முற்றங்களில் நிற்கும் பெரிய செம்புக் கொப்பரைகள். மரத்தால் ஆன நகரத்துக்கு நெருப்புத்தான் முதல் எதிரி. அதனால் 300க்கும் மேற்பட்ட கொப்பரைகளில் எப்போதும் தண்ணீர் நிரப்பி வைத்தார்கள். குளிர்காலத்தில் அது உறைந்துபோனால் என்ன பயன்? பஞ்சு உறை போர்த்தி, மூடி போட்டு, கொப்பரைக்கு அடியில் இரவு பகலாகக் கரி மூட்டினார்கள். குனிந்து பார்த்தால் கொப்பரை அமர்ந்திருக்கும் கல் வளையத்தில் கரி போடும் வாய் தெரியும். நெருப்பை அணைக்க வைத்த தண்ணீரை நெருப்பைக் கொண்டே காத்தவர்கள் பெயரில்லாத வேலையாட்கள். அவர்கள் ஒரு பனி இரவு கண்ணயர்ந்திருந்தால் நாங்கள் இன்று பார்க்கும் மண்டபங்களில் பல இருந்திருக்காது.

யொங்லெ என்ற பெயர் இலங்கைத் தமிழருக்கு அந்நியமானதல்ல. பெய்ஜிங்கில் அரண்மனை எழும்பிக்கொண்டிருந்த காலத்திலேயே அவன் தன் கடற்படைத் தளபதி செங் ஹவிடம் ஒரு கல்லைக் கொடுத்து எங்கள் தீவுக்கு அனுப்பினான். 1409ஆம் ஆண்டைக் குறிக்கும் அந்தக் கல்லில் மூன்று மொழிகள் இருக்கின்றன. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாத்துக்கும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயனார் என்ற தெய்வத்துக்கும் உரியவை. பொன், வெள்ளி, பட்டு, விளக்குக்கு எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் நீள்கிறது. அதே செங் ஹ பிறகு எங்கள் தீவில் ஆட்சி செய்த அழகக்கோனாரைச் சிறைபிடித்துக் கொண்டு போனதும் வரலாறுதான். தேவேந்திரமுனையில் இருந்த தேனவரைக் கோயிலை 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். காணிக்கை எழுதிய கல் 1911இல் காலியில் ஒரு மதகில் கிடந்து எடுக்கப்பட்டு, இன்று கொழும்பு நூதனசாலையில் இருக்கிறது. எண்ணெய் எந்த விளக்குக்காக வந்ததோ அந்த விளக்கு இல்லை.

இந்த நினைப்போடுதான் தை மாதத்தில் தெற்கே சுவான்சௌ நகரத்துக்குப் போனோம். அங்கே குளிர் இதமானது. சோங், யுவான் காலத்தில் அது உலகின் பெரிய துறைமுகங்களில் ஒன்று. 2021இல் யுனெஸ்கோ அதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. 1281ஆம் ஆண்டு சித்திரையில் சம்பந்தப் பெருமாள் என்ற தமிழர் அங்கே, குப்ளாய் கானின் உடல்நலம் வேண்டி, ஒரு சிவன் கோயிலை எழுப்பியதாகத் தமிழ்க் கல்வெட்டு சொல்கிறது. கோயில் இன்று இல்லை. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் துறைமுகம் கலவரத்தில் சிக்கியது, வணிகர்கள் சிதறினார்கள், கோயில் கற்கள் ஊரெங்கும் போய்ச் சேர்ந்தன.

அந்தக் கற்களைத் தேடிப் போவதே எங்கள் பயணமாயிற்று. 686இல் தோன்றிய கையுவான் என்ற புத்த கோயிலின் பெரிய மண்டபத்துக்குப் பின்பக்கம் போனால் இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கின்றன. பதினாறு பட்டைகள், பட்டைகளுக்கு நடுவே வட்டச் சிற்பங்கள். ஒன்றில் நரசிங்கம் இரணியனை மடியில் கிடத்தியிருக்கிறார். இன்னொன்றில் மரத்தில் இருக்கும் கண்ணன். கீழே சேலை கேட்கும் கோபியர். தமிழ்நாட்டுக் கோயில் தூணில் பார்த்தால் நின்று பார்க்காமலே கடந்து போயிருப்போம். இங்கே என் மகள் ஒவ்வொரு வட்டத்தையும் விரல் நீட்டிக் கதை கேட்டாள். பக்கத்தில் நின்ற சீனக் குடும்பம் ஒன்றுக்கு நான் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில் அந்தக் கதைகளைச் சொன்னேன். பாட்டி ஒருவர் நரசிங்கத்தைப் பார்த்துக் கைகூப்பினார். நகரத்தின் கடல்சார் நூதனசாலையில், இலிங்கத்துக்கு யானை பூச்சொரியும் சிற்பம் ஒன்றும் இருக்கிறது.

இவை எப்படித் தப்பின? வூ வென்லியாங் என்ற பள்ளிக்கூட ஆசிரியரை அங்கே எல்லாரும் சொல்கிறார்கள். 1920களின் இறுதியிலிருந்து, நகர மதிலை இடித்த இடங்களிலும் வயல்களிலும் வீட்டுப் படிகளிலும் கிடந்த அந்நியச் சிற்பங்களையும் கல்வெட்டுகளையும் அவர் தேடிச் சேர்த்தார். தமிழ் தெரியாது, அரபும் தெரியாது. இது யாரோ ஒருவருடைய சாமி, யாரோ ஒருவருடைய கல்லறை என்பது மட்டும் தெரியும். 1957இல் அவற்றைப் பற்றி நூல் வெளியிட்டார். அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் சீனத்தில் தமிழர் வாழ்ந்ததற்கு இவ்வளவு சான்று நம் கைக்குக் கிடைத்திருக்காது.

நகரத்துக்கு வெளியே லுவோயாங் பாலத்திலும் நடந்தோம். ஆறு கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் 1059இல் கட்டி முடித்த கற்பாலம் அது. அலை கற்களைப் பிரித்துவிடாதபடி அடித்தூண்களில் சிப்பிகளை வளரவிட்டார்கள். சிப்பிகள் கல்லைக் கல்லோடு ஒட்டிப் பிடித்தன. கடல் வற்றிய நேரத்தில் குனிந்து பார்த்தபோது வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள் இன்னும் படிந்திருந்தன. கல்லடிப் பாலத்துக்குக் கீழே வலை வீசுபவர்களைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அந்த உப்பு மணம் ஊர் மணமாகவே இருந்தது.

பயணத்தின் கடைசியில் சேதியன் என்ற கிராமத்துக்குப் போனோம். அங்கே ஒரு சிறு கோயிலில் நாலு கைகளோடு ஒரு அம்மன் சிலை, இருபுறமும் தோழியர். பழைய தமிழ் வணிகர் காலத்துச் சிலை. கிராமத்தவர்களுக்கு அவள் குவான்யின், கருணைத் தாய். அவர்கள் தினமும் ஊதுபத்தி கொளுத்துகிறார்கள், தோடம்பழம் படைக்கிறார்கள். விளக்குப் பார்த்துக்கொள்ளும் மூதாட்டி என் மகளின் கையில் மூன்று ஊதுபத்திகளைக் கொடுத்துக் கும்பிடச் சொன்னார்.

அன்றிரவு அம்மாவோடு தொலைபேசியில் பேசினேன்.

"ஆரு மனே அங்க விளக்கு வைக்கிற?"

"அந்த ஊர் ஆச்சிமார்தான் அம்மா."

"அப்ப அவங்களும் நம்மட ஆக்கள்தானே மனே."

அம்மா சொன்னதைத்தான் நான் இப்போது நம்புகிறேன். புலம்பெயர்ந்த நாங்கள் போகிற இடமெல்லாம் கோயில் கட்டுகிறோம், கட்டத்தான் வேண்டும். ஆனால் சம்பந்தப் பெருமாளுக்கு அரசனின் ஆதரவும் வணிகரின் பணமும் இருந்தும், சனம் கலைந்ததும் அவர் கோயில் கலைந்தது. எஞ்சியதைக் காத்தவர்கள் அயலவர்கள்: ஒரு ஆசிரியர், தூண்களைத் தங்கள் மண்டபத்தில் நிறுத்திய துறவிகள், ஊதுபத்தி ஏற்றும் மூதாட்டிகள். அவர்கள் எங்கள் மொழியைக் கற்கவில்லை, எங்கள் கதைகளைக் கேட்டதும் இல்லை. ஆனாலும் கும்பிடப்பட்ட ஒன்றை வீசி எறியக் கூடாது என்பதை அறிந்திருந்தார்கள்.

அந்தக் கடனை நாம் ஊரில்தான் அடைக்க வேண்டும். மட்டக்களப்பு வாவிக் கரையில் 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இருக்கிறது. பறங்கியர் வீடுகளில் இன்னும் போர்த்துக்கேயம் கலந்த பேச்சும் பாட்டும் இருக்கின்றன. பேசுவோர் குறைந்து வருகிறார்கள். சண்டைக் காலத்தில் ஒருவரை ஒருவர் அஞ்சிப் பிரிந்த தமிழ், முஸ்லிம் ஊர்களில் ஒருவர் பள்ளிவாசலும் மற்றவர் கோயிலும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இவற்றில் எதையும் "எங்களுடையதல்ல" என்று விட்டுவிடும் உரிமை நமக்கு இல்லை. சுவான்சௌவில் நம் கற்களை அப்படி விட்டிருந்தால் என் மகளுக்கு நான் காட்ட எதுவும் இருந்திருக்காது. அடுத்த ஆடி அமாவாசைக்கு ஊருக்குப் போகும்போது அவளை மாமாங்கத் தீர்த்தத்தில் முழுக வைப்பேன். பிறகு கோட்டைக்கும் கூட்டிப்போய், அதைக் கட்டியவர்கள் யார், அதைக் காக்க வேண்டியவர்கள் யார் என்று சொல்லிக்கொடுப்பேன்.