பெற்ற வயிற்றில் பிரண்டை

என் தங்கை மகள்தான் என்னை அந்த நாடகத்துக்கு அழைத்துப் போனாள். 2022 ஜூலை. நியூயார்க் சென்ட்ரல் பார்க்குக்குள் டெலகார்ட் என்று ஒரு திறந்தவெளி அரங்கம் இருக்கிறது. 1962இல் திறந்தது. கோடைதோறும் அங்கே ஷேக்ஸ்பியர் நாடகம் இலவசமாகப் போடுகிறார்கள். இலவசம் என்றால் சும்மா கிடைத்துவிடாது. காலையிலேயே போய் வரிசையில் உட்கார்ந்தால் பகல் பன்னிரண்டு மணிக்கு ஆளுக்கு இரண்டு டிக்கெட் கொடுப்பார்கள். புல் ஓரமாகப் போர்வை விரித்து ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நான் புளிசாதம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் பாதி நேரம் தூங்கினாள். இந்த இலவசத்துக்கே ஒரு சண்டை நடந்திருக்கிறது. 1959இல் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசஸ், கூட்டத்தால் புல் அழிகிறது, டிக்கெட்டுக்குக் காசு வாங்குங்கள் என்று பிடிவாதம் பிடித்தார். நாடகக் குழுவை நடத்திய ஜோசப் பாப் முடியாதென்று நீதிமன்றம் போய் ஜெயித்தார்.

நான் தமிழில் முனைவர் பட்டம் வாங்கியவள். ஆங்கில நாடகத்தை மேடையில் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் திறந்தவெளியில் ராஜாக்கள் அடித்துக்கொண்டு சாவதை நிறையவே பார்த்திருக்கிறேன். செய்யாறு பக்கத்துப் பிறப்பு. அக்னி வசந்த விழாவில் விடிய விடியக் கூத்து நடக்கும். பதினெட்டாம் போர் அன்று வெட்டவெளியில் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்திருப்பார்கள். அவனுக்காக ஒப்பாரி வைக்கும் பொம்பளையும் ஆம்பளைதான், கட்டைக் குரலில் மாரடித்துக்கொண்டு அழுவார். ஷேக்ஸ்பியர் காலத்திலும் பெண் வேடத்தைப் பையன்கள்தான் கட்டினார்கள். இங்கே அதைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். ராஜா வேடம் ஒரு பெண்ணுக்கு.

‘மூன்றாம் ரிச்சர்டு’ 1592, 93 வாக்கில் எழுதியது. அரசன் எட்வர்டின் தம்பி ரிச்சர்டுக்கு அரியணை வேண்டும். நடுவில் நிற்கிற அண்ணன், அண்ணன் பிள்ளைகள், கூட்டாளி என ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டி முடி சூடுகிறான், போரில் சாகிறான். அந்தக் கோடையில் ரிச்சர்டாக நின்றவர் டனாய் குரிரா. ஜிம்பாப்வேயின் ஹராரேயில் வளர்ந்தவர், தானே நாடகம் எழுதுகிறவர். என் தங்கை மகளுக்கு அவர் ‘பிளாக் பேந்தர்’ படத்தின் ஒகோயே. “பெரியம்மா, ஒரு பிளாக் உமன் கிங்கா வர்றாங்க. அதைப் பாக்காம ஊருக்குப் போகக் கூடாது” என்றாள்.

அவள் அப்படிப் பிடிவாதமாக இருந்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. ஜூன் 24ஆம் தேதிதான் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1973இன் ரோ வழக்குத் தீர்ப்பை ரத்து செய்திருந்தது. கருக்கலைப்பு இனி அரசியல் சட்டம் தரும் உரிமை இல்லை, மாநிலங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார்கள். பத்தொன்பது வயதுப் பெண் அன்று சாயங்காலம் அட்டையில் எதையோ எழுதி எடுத்துக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனாள். தொண்டை கட்டித் திரும்பி வந்தாள். அந்த வாரம் முழுக்க யாரோடும் சரியாகப் பேசவில்லை. ஒரு பெண் அதிகாரத்தை எட்டிப் பிடிப்பதை, அது கெட்ட ராஜாவாகவே இருக்கட்டும், அவளுக்குப் பார்க்க வேண்டியிருந்தது.

இருட்ட எட்டரை ஆகும். எட்டு மணிக்கு வெளிச்சத்திலேயே ஆரம்பித்துவிட்டார்கள். பின்னால் குளம், அதற்குப் பின்னால் பாறைமேல் சின்னக் கோட்டை. தலைக்கு மேல் விமானம் போனால் வசனம் பாதி கேட்காது. மேடையில் கூர் வளைவுகள் நகர்ந்துகொண்டே இருந்தன. குரிராவுக்குக் கூன் வைக்கவில்லை, கை சூம்பவில்லை, கால் இழுக்கவில்லை. ஒரு போர்வீரனின் உடம்பு. அந்த உடம்போடு நின்று, நான் அரைகுறையாகப் பிறந்தவன், என்னைப் பார்த்து நாய் குரைக்கிறது என்கிற பொருளில் பேசினார். சுற்றி இருந்தவர்களில் சிலருக்குத்தான் வெளியில் தெரியும் உடல் வேறுபாடு. ஆன் சீமாட்டியாக நடித்த அலி ஸ்ட்ரோக்கர் சக்கர நாற்காலியில் இயங்குபவர். ரிச்சர்டின் தாயாக நடித்த மோனிக் ஹோல்ட் காது கேளாதவர். அவர் வசனம் சைகை மொழியில். இவர்கள் உடம்பைப் பற்றி நாடகத்தில் ஒரு சொல் இல்லை. உடம்பு கோணல் என்று ஊரே சொல்வது ரிச்சர்டை மட்டும்தான். அவனுக்கோ அந்தக் கோணல் கண்ணில் படவில்லை. மாற்றுத்திறன் உள்ள நடிகருக்கே அந்த வேடத்தைக் கொடுத்திருக்க வேண்டும் என்று வாதிடலாம், அதில் நியாயம் உண்டு. ஆனால் எனக்கு அன்று உறைத்தது வேறு. இந்தக் கோணலை அவனுக்கு முதலில் சொன்னது யார்?

ஆனை மயக்கும் காட்சி எல்லோருக்கும் தெரிந்தது. மாமனாரின் பிணத்தோடு போகிறவளை வழிமறித்து, அவரையும் அவள் புருஷனையும் கொன்றவனே அவளைக் கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைக்கிறான். ஒரு பெண் இன்னொரு பெண்ணை அப்படிப் பேச்சால் மடக்குவதைப் பார்த்துக் கூட்டம் சிரித்தது, கைதட்டியது. தங்கை மகளும் முதலில் சிரித்தாள். பாதியில் நிறுத்திவிட்டாள். எனக்கும் அப்போதுதான் சந்தேகம் வந்தது. பெண் ராஜா வேடம் போட்டதால் அந்த வேலையின் அசிங்கம் ஒரு பிடி குறையவில்லை. குறையக் கூடாது என்றுதான் போட்டார்களோ என்னவோ. அதிகாரத்துக்கு வந்த பெண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட வந்தவளுக்கு அது ஏமாற்றம்தான்.

நான் ராஜாவை விட்டுவிட்டுத் தாயைப் பார்க்க ஆரம்பித்தேன்.

ஊருக்கு வந்து இந்த நாடகத்தை நிதானமாகப் படித்தேன். வாசித்தவர்களுக்குத் தெரியும், இதில் கிரீடத்துக்கு அடுத்தபடி அதிகம் அடிபடுவது வயிறு. மார்கரெட் அரசி ரிச்சர்டைத் திட்டும்போது அவன் தாயின் வயிற்றையும் சேர்த்துத்தான் திட்டுகிறாள். தாயே தன் வயிற்றைச் சாவு பிறந்த படுக்கை என்று சபித்துக்கொள்கிறாள். முடி சூட வேண்டும் என்றபோது ரிச்சர்டு, அண்ணன் அப்பாவுக்குப் பிறந்தவனே இல்லை, அம்மா கர்ப்பமானபோது அப்பா பிரான்சில் இருந்தார் என்று ஊரில் பரப்பச் சொல்கிறான். கூடவே, அதைக் கொஞ்சம் பட்டும் படாமலும் சொல், அம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கரிசனம். கடைசியில் எலிசபெத் அரசியிடம் அவள் மகளையே பெண் கேட்கிறான். உன் பிள்ளைகளைக் கொன்றேன்தான், உன் மகள் வயிற்றில் அவர்களைப் புதைத்து மறுபடி முளைக்க வைக்கிறேன் என்கிற மாதிரிப் பேசுகிறான். இதைக் கேட்டபோது என் பக்கத்து இருக்கையில் ஒரு பெண் சத்தமாகவே மூச்சை இழுத்துவிட்டார். ஜூன் 24க்கு முன்னால் கேட்டிருந்தால் அப்படி இழுத்திருப்பாரா, தெரியாது.

அந்தப் பெண் கேட்பதற்குச் சற்று முன்னால்தான் அந்தத் தாய் மகனை வழிமறிக்கிறாள். உன்னை என் வயிற்றிலேயே நெரித்திருந்தால் இத்தனை கொலை நடந்திருக்காது என்பதுதான் சாரம். இதற்குப் பிறகு உன்னிடம் பேச மாட்டேன், என் பிரார்த்தனை உன் எதிரிப் படைக்கு என்று சாபம் கொடுத்துவிட்டுப் போகிறாள். எனக்கு அந்தச் சைகை மொழி தெரியாது. ஆங்கிலமும் ஷேக்ஸ்பியர் ஆங்கிலம். ஆனாலும் அந்தக் கைகள் என்ன சொல்கின்றன என்று எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் அதை நான் தமிழில் கேட்டிருக்கிறேன்.

“உன்னப் பெத்த வயித்துல பெரண்டைய வெச்சிதான் கட்டிக்கணும்.”

2005இல் என் அம்மா என்னிடம் சொன்னது. அப்போது எனக்கு இருபத்தேழு வயது. மகளுக்கு ஒன்றரை வயது. ஆய்வேட்டில் மூன்று இயல் முடிந்து இரண்டு பாக்கி. உதவித்தொகை அந்த வருடத்தோடு முடிகிறது. அந்த நேரத்தில் மறுபடி நாள் தள்ளிப்போனது. வேண்டாம் என்று நான்தான் முடிவெடுத்தேன். கணவர் கூடவே வந்தார். மருத்துவமனையில் என் கையெழுத்தைப் பக்கத்தில் தள்ளி வைத்துவிட்டு அவர் கையெழுத்தைக் கேட்டார்கள். இந்தியாவின் 1971 சட்டப்படி வயது வந்த பெண்ணின் சம்மதம் மட்டும் போதும் என்பது எனக்குப் பல வருடம் கழித்து, ஒரு மாணவிக்காக அந்தச் சட்டத்தைப் படித்தபோதுதான் தெரிந்தது. அதே சட்டத்தில் கருத்தடை தவறிப்போன காரணத்தைச் சொல்லும் இடத்தில் ‘திருமணமான பெண்ணோ அவள் கணவனோ’ என்றுதான் இருந்தது. 2021இல்தான் ‘பெண்ணோ அவள் துணையோ’ என்று மாற்றினார்கள்.

அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது பத்து நாள் கழித்து. வாசலிலேயே நின்று கேட்டாள். “ஏண்டி, படிப்பு படிப்புன்னு அப்படி என்னடி பேராச உனக்கு?” அதன் பிறகுதான் பிரண்டை. அதன் பிறகு ஏழு மாதம் பேச்சில்லை.

பேராசை என்ற சொல்லை நான் அதற்குப் பிறகு வகுப்பில் சாதாரணமாகச் சொன்னதே இல்லை. மண்ணாசை, பெண்ணாசை, பொன்னாசை என்று மூன்றை அடுக்கி வைத்திருக்கிறோம். அந்த அடுக்கில் ஆசைப்படுகிறவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என்னோடு பதிவு செய்த ஆண் ஆய்வாளர் ஒருவர், மனைவி மசக்கையில் கிடக்க, ஊரிலேயே இல்லாமல் நூலகம் நூலகமாக அலைந்து முடித்தார். அவருக்கு இருந்தது லட்சியம். அவர் அம்மா வயிற்றில் எதையும் கட்டிக்கொள்ளவில்லை.

அதற்காக அம்மாவை நான் அந்தச் சீமாட்டியோடு சேர்த்து வைத்து வெறுக்கவில்லை. நாடகத்தின் தாய் அத்தனை கொலைக்கும் தன் உடம்பைத்தான் குற்றம் சொல்கிறாள். அவள் கையில் வேறு என்ன இருந்தது? மகன்கள் யாரைக் கொல்லலாம் என்று அவளைக் கேட்கவில்லை, கேட்டது பெற்றுத் தரத்தான். அம்மா ஐந்து பெற்று மூன்றை வைத்திருந்தவள். வேண்டாம் என்று சொல்லும் இடம் ஒன்று இருக்கிறதென்பதே அவளுக்குத் தெரியாது. தெரியாத இடத்தில் மகள் போய் நின்றுவிட்டாள். இதையெல்லாம் இப்போது எழுத முடிகிறது. அன்று வாசலில் நின்றபோது அவளுக்கு நான் கோணலாகப் பிறந்தவள், அவ்வளவுதான்.

ஒரு விஷயத்தை மட்டும் சொல்ல வேண்டும். ரிச்சர்டின் எலும்புக்கூடு 2012இல் லெஸ்டர் நகரில் ஒரு கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் கிடைத்தது. தோண்ட வைத்தவர் பிலிப்பா லாங்லி என்ற பெண். முதுகெலும்பு பக்கவாட்டில் வளைந்திருந்தது, ஆனால் கூன் இல்லை. இது அவன்தானா என்று எப்படி உறுதி செய்தார்கள் என்று படித்தபோது நான் இரண்டு தடவை படித்தேன். மைட்டோகாண்ட்ரியா மரபணு தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும். ரிச்சர்டின் அக்காவிலிருந்து மகள், மகளின் மகள் என்று ஐநூறு வருடம் பெண்வழியாகவே இறங்கி வந்த சந்ததியினரைத் தேடிப் பிடித்து ஒப்பிட்டார்கள். பொருந்தியது. ஆண்வழியை ஒப்பிட்டபோது பொருந்தவில்லை. நடுவில் எங்கோ ஒரு தகப்பன் பெயர் மாறியிருக்கிறது. முடிக்காக அம்மாவின் கற்பைச் சந்தியில் இழுத்தவனாக நாடகத்தில் வரும் அந்த மனிதனை அடையாளம் காட்டியது அந்த அம்மாவின் வயிறுதான்.

நாடகம் முடிய வெகு நேரமாகிவிட்டது. ரயிலில் தங்கை மகள் என் தோளில் சாய்ந்துகொண்டு, “பெரியம்மா, அந்த அம்மா கேரக்டர் மேல எனக்குக் கோபம்” என்றாள். நான் அவளிடம் 2005ஐச் சொன்னேன். அவள் பாட்டியைப் பற்றி என்பதால் பாதியை விட்டுவிட்டுச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “நீங்க சாரி ஃபீல் பண்றீங்களா?” என்றாள். இல்லை என்றேன். பதினேழு வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவள்.

ஆடியில் ஊருக்கு வந்தேன். அம்மா வேலியில் படர்ந்திருந்த பிரண்டையை ஒரு முறம் நிறையக் கிள்ளிக்கொண்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தாள். துவையலுக்கு. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு கணுவை நாரோடு ஒடித்துப் போட்டாள். நானும் உட்கார்ந்து நாடகத்தின் கதையைச் சொன்னேன். கூத்துக் கதை கேட்கிற மாதிரி உம் கொட்டிக்கொண்டே கேட்டாள். அந்தத் தாய் சாபம் கொடுத்த இடத்தை மட்டும் நான் கொஞ்சம் நிறுத்திச் சொன்னேன்.

“அதுக்கப்புறம் அந்தப் புள்ளைய அவ பாத்தாளா?” என்றாள்.

“இல்லம்மா. சண்டையில செத்துட்டான்.”

அம்மா ஒடிப்பதை நிறுத்தினாள். விரல் இடுக்கைப் புடவையில் துடைத்தாள்.

“எண்ண பத்தல, அரிக்குது. அந்தக் கிண்ணத்த எட்றீ” என்றாள்.