ஜப்ர்: ஒரு சொல்லின் பயணம்

அரபு மொழியில் 'ஜப்ர்' என்னும் சொல்லுக்கு, முறிந்ததைக் கூட்டிச் சீர்செய்தல் என்பது பொருள். எலும்பு கட்டும் வைத்தியரை 'முஜப்பிர்' என்பர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல்குவாரிஸ்மி, தம் கணித நூலின் தலைப்பில் இச்சொல்லையே அமைத்தார். சமன்பாட்டில் கழிபட்டு நிற்பதை மறுபுறம் சேர்த்துக் குறை தீர்ப்பதும் ஒருவகை எலும்பு கூட்டலே எனக் கண்டார் போலும்! அந்த 'அல்ஜப்ர்'தான் ஐரோப்பாவில் 'அல்ஜீப்ரா' ஆயிற்று. ஸ்பெயினிலோ 'அல்ஹெப்ரிஸ்தா' என்றால் எலும்பு கட்டுபவர். 1615இல் வெளிவந்த 'டான் குவிக்ஸோட்' இரண்டாம் பாகத்தில் அச்சொல் அப்பொருளிலேயே வருகிறது.

மாணவர்க்கு வேர்ச்சொல் விளக்கும்போதெல்லாம் இதனை எடுத்துரைப்பது என் வழக்கம். கணக்கும் எலும்பும் மீண்டும் ஒன்றுகூடியதை என் குடும்பத்திலேயே காண நேர்ந்தது.

லாத்தாவுக்கு முழங்கால் மூட்டை மாற்ற வேண்டும் என்றும், கம்ப்யூட்டர் வழிகாட்ட அறுவை நடைபெறும் என்றும் வைத்தியர் கூறினார். "யந்திரம் பிழை செய்தால் நான் யாரிடம் போய்க் கேட்பது, தம்பி?" என்றார் லாத்தா.

வைத்தியரிடமே விளக்கம் கேட்டேன். இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்றின் மையங்களும் பொதுவாக ஒரே கோட்டில் அமைய வேண்டும். இடுப்பின் மையமோ சதைக்குள் மறைந்திருப்பது. ஆகவே எலும்பில் சிறு ஊசிகளைப் பொருத்தி, ஒளி தெறிக்கும் உருண்டைகளை அவற்றில் இணைப்பர். காலை வட்டமாகச் சுழற்றும்போது அகச்சிவப்புக் காமிரா அவற்றின் பாதையைப் பதிவு செய்யும். அதிலிருந்து, கண்ணுக்குப் புலனாகாத மையத்தைக் கம்ப்யூட்டர் கணித்துவிடும். பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1997 ஜனவரியில் டாக்டர் சரகாலியா இவ்வாறு முழங்கால் மூட்டை முதன்முதலாக மாற்றினார்.

குறைகளையும் வைத்தியர் மறைக்கவில்லை. நேரம் கூடும், ஊசித் துளையருகே எலும்பு முறிவதும் அரிதாக உண்டு. கோடு நேராவதில் பயன் தெளிவு; மூட்டு நெடுநாள் உழைப்பது பற்றி ஆய்வுகள் ஒருமித்துப் பேசவில்லை. "கம்ப்யூட்டர் கோணத்தைச் சொல்லும், வாள் என் கையில். பிழை நேர்ந்தால் என்னைக் கேளுங்கள்" என்றார்.

அச்சொற்களை அப்படியே லாத்தாவிடம் கூறினேன். "கேட்பதற்கு ஓர் ஆள் இருக்கிறாரல்லவா, அது போதும்" என்று இசைந்தார்.

கணக்கின் திறத்தைப் போற்றுவோம். ஆயினும் வலிக்கும் எலும்பைத் தொடுபவர், கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லவும் கடமைப்பட்டவர். அந்தக் கடமையை எந்தக் கணக்கும் அவரிடமிருந்து கழித்துவிட இயலாது.