பக்கத்து ஃபோல்டரை எட்டிப் பார்க்கிறவர்கள்

சர்வர் என்றால் தமிழ்நாட்டில் ரொம்ப காலம் ஓட்டலில் பரிமாறுகிறவர்தான். 1964-ல் நாகேஷ் நடித்த 'சர்வர் சுந்தரம்' அந்த வகை. செங்கோட்டை பக்கம் பிரானூர் பார்டரில் புரோட்டா கொண்டுவந்து வைப்பவரும் அந்த வகைதான். கம்ப்யூட்டர் சர்வரும் கேட்டதை எடுத்துத் தருகிற வேலையைத்தான் செய்கிறது. ஆனால் பக்கத்து டேபிள் சாப்பாட்டைக் கேட்டால் ஓட்டல் சர்வர் முறைப்பார். கம்ப்யூட்டர் சர்வரிடம் முன்கூட்டியே சொல்லிவைக்காவிட்டால் தாராளமாக எடுத்து நீட்டிவிடும்!

குற்றாலத்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ இருப்பதாக வைத்துக்கொள்வோம் (கற்பனைக் கடைதான், யாரும் தேடிப் போகவேண்டாம்). ஜூன் மாதம் சாரல் விழ ஆரம்பித்ததும் கூட்டம் வருகிறது. அருவிக்கரையில் குடும்பப் படம், இடையிடையே தென்காசியில் கல்யாண ஆல்பம். இத்தனை படங்களையும் சிடியில் போட்டுக் கொடுத்து முடியவில்லை என்று கடைக்காரர் ஒரு லினக்ஸ் சர்வரை வாடகைக்கு எடுத்து, குடும்பத்துக்கு ஒரு பயனர் பெயர், ஒரு பாஸ்வேர்டு, ஒரு ஃபோல்டர் என்று கொடுக்கிறார். எஃப்டிபி வழியாக ஊருக்குப் போய் இறக்கிக்கொள்ளலாம்.

மதுரைக் குடும்பம் உள்ளே நுழைந்தால் தன் ஃபோல்டரில்தான் நிற்கும். ஆனால் 'சிடி' கட்டளையோடு இரண்டு புள்ளி வைத்து அடித்தால் ஒரு படி மேலே ஏறிவிடும். அங்கே எல்லாக் குடும்பங்களின் ஃபோல்டரும் வரிசையாக இருக்கும். 2021-க்கு முந்தைய உபுண்டுவில் ஒருவர் வீட்டு ஃபோல்டரை மற்றவர் படிக்கலாம் என்பதுதான் வழக்கமான அமைப்பு.

"படிக்கத்தானே முடியும், அழிக்க முடியாதே" என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. இது சொத்தை சமாதானம். ஈரத்துணியோடு நிற்கும் பெண்களின் படத்தை முன்பின் தெரியாதவன் பார்ப்பதுதானே இங்கே நஷ்டமே? பேரருவியில் பெண்கள் குளிக்கத் தனி இடம் பிரித்துக் கம்பி போட்டிருக்கிறார்கள். "சும்மா பார்க்கத்தான் வந்தேன்" என்று அங்கே போய் ஒருவன் சொல்லிப் பார்க்கட்டும்.

எஃப்டிபியைக் குறை சொல்லிப் பயனில்லை. ஐஐடி கான்பூரின் முதல் அணியில் படித்த அபய் பூஷண் 1971-ல் அதன் முதல் வடிவத்தை எழுதியபோது, வலையில் இருந்ததே சில ஆய்வுக்கூடங்கள்தான். ஆளை அடைக்கும் கருவி பிறகு, 1979-ல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்போடு வந்தது. பெயர் 'சிஹெச்ரூட்'. ஒரு ஃபோல்டரைக் காட்டி "உனக்கு உலகத்தின் உச்சி இதுதான்" என்று புரோகிராமை நம்பவைத்துவிடும். அதற்கு மேலே ஏறப் படியே இருக்காது.

விஎஸ்எஃப்டிபிடி என்கிற எஃப்டிபி சர்வரில் இதற்கு ஒரே வரி போதும்: 'சிஹெச்ரூட்_லோக்கல்_யூசர்=யெஸ்'. கூடவே பெயர்ப் பட்டியல் ஒன்றும் வைக்கலாம், வம்பு அங்கேதான். இந்த வரி இல்லாதபோது பட்டியலில் இருப்பவர்கள் மட்டும் அடைபடுவார்கள். வரி இருந்தால் அதே பட்டியல் தலைகீழாகி, அதில் இருப்பவர்கள் மட்டும் வெளியே உலாவுவார்கள். பாதுகாப்பு என்று நினைத்து எல்லாக் குடும்பத்தின் பெயரையும் எழுதிவைத்தால் கதை கந்தல்.

இன்னொரு சிக்கல், '500 ஊப்ஸ்' என்று தொடங்கும் பிழைச்செய்தி. அடைத்துவைத்த ஃபோல்டரின் உச்சியிலேயே பயனர் எழுத முடிந்தால், 2011-ல் வந்த 2.3.5 பதிப்பு முதல் விஎஸ்எஃப்டிபிடி உள்ளே விட மறுக்கிறது. பலரும் உடனே கூகுளில் தேடி, 'எழுதினாலும் பரவாயில்லை' என்று அனுமதிக்கும் வரியைச் சேர்த்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். மறுப்பதற்குக் காரணம் இருக்கிறது. உச்சியில் எழுத முடிந்தவன் 'ஈடிசி', 'லிப்' என்ற பெயர்களில் போலி ஃபோல்டர்களை உருவாக்கலாம். உள்ளே ரூட் அதிகாரத்தோடு ஓடும் புரோகிராம் அவற்றை நிஜமென்று நம்பி, அவன் வைத்த நிரலையே ஓட்டிவிடலாம். ஃப்ரீபிஎஸ்டியின் எஃப்டிபி சர்வரில் இப்படி நடக்கலாம் என்று தெரிந்து 2011 டிசம்பரில் அவசரத் திருத்தம் வெளியிட்டார்கள்.

சரியான வழி ஒன்றும் கஷ்டமில்லை. குடும்பத்தின் ஃபோல்டரை ரூட் பெயருக்கு மாற்றி, மற்றவர்கள் எழுத முடியாதபடி 755 என்று அனுமதி வைத்துவிட்டு, அதற்குள் 'படங்கள்' என்று ஒன்றை உருவாக்கி அதை மட்டும் குடும்பத்தின் பெயரில் விடவேண்டும். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர், அலமாரிச் சாவி மட்டும் வாடகைக்காரரிடம். 2008-ல் ஓபன்எஸ்எஸ்ஹெச் இதே வசதியைச் சேர்த்தபோது, இந்த ஒழுங்கு இல்லாவிட்டால் இணைப்பே கிடையாது என்று கறாராக வைத்துவிட்டார்கள். சாதா எஃப்டிபியில் பாஸ்வேர்டு மறைக்கப்படாமலே கம்பியில் போவதால், புதிதாக ஆரம்பிப்பவர்கள் எஸ்எஃப்டிபி பக்கம் போவதே நல்லது.

ஒன்று, சிஹெச்ரூட்டைப் பெரிய சிறைச்சாலை என்று நினைத்துவிடக் கூடாது. ரூட் அதிகாரம் கிடைத்தவன் அதைத் தாண்டிக் குதிக்கும் வித்தை பழசு. 2000-ல் ஃப்ரீபிஎஸ்டி 'ஜெயில்' என்றே தனியாக ஒன்றைக் கொண்டுவந்தது அதனால்தான். ஆனால் நம் ஸ்டூடியோக்காரருக்கு வருகிற ஆபத்து பெரிய திருடன் இல்லை, சும்மா இரண்டு புள்ளி அடித்துப் பார்க்கும் கல்லூரிப் பையன். அவனுக்கு இந்த வேலி போதும்.

எல்லாம் முடித்ததும் கடைக்காரர் சோதனைக்கு ஒரு பயனரை உருவாக்கி, தானே நுழைந்து அந்த இரண்டு புள்ளியை அடித்துப் பார்க்கட்டும். எங்கே நிற்கிறோம் என்று கேட்டால் வெறும் '/' என்று பதில் வரவேண்டும், கீழே 'படங்கள்' மட்டும் தெரியவேண்டும். அப்படியே போன சீசனில் வந்தவர்களின் கணக்குகளையும் மூடிவிட்டால், அடுத்த சாரலுக்குக் கடையைத் திறக்கலாம்.