சார்ஜ் ஒப்படைச்சாச்சா?

'லீவுல இருக்கேன்' என்ற வாக்கியத்துக்கு இப்போது அர்த்தமே மாறிவிட்டது. முன்பெல்லாம் ஒருவர் லீவில் இருக்கிறார் என்றால், கூப்பிட்டால் கிடைக்கமாட்டார் என்று பொருள். இன்றைக்கு அதற்கு, 'வேறு ஊரில் உட்கார்ந்து அதே வேலையைப் பார்க்கிறேன்' என்று பொருள். குற்றாலத்தில் தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக நின்றுகொண்டு, அருவிச் சத்தத்தை மீறி, "இல்ல சார், நேத்தே மெயில் போட்டுட்டேன் சார்" என்று கத்தும் மனிதரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு. என் கணவர்.

திருச்சியில் ஒரு வங்கியின் கரன்சி செஸ்ட்டில் அவர் அதிகாரி. ரிசர்வ் வங்கியின் பணத்தை வங்கிக் கிளைகளில் பாதுகாத்து வைக்கும் பெட்டகம்தான் கரன்சி செஸ்ட். அதற்கு இரண்டு பேரிடம் தனித்தனியாகச் சாவி இருக்கும். ஒருவரால் மட்டும் திறக்க முடியாது. அந்த இரண்டில் ஒரு சாவி இவரிடம். கூடவே பதினோரு வாட்ஸ்அப் குரூப். எந்த ஊரில் எந்த ஏ.டி.எம்-மில் பணம் தீர்ந்தாலும் எங்கள் வீட்டு டைனிங் டேபிளில் போன் அதிரும். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் மண்டபத்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருப்பார். 24 வருடக் குடித்தனத்தில் நாங்கள் பார்த்த ஊர்களை அவர் பாதிதான் பார்த்திருக்கிறார்.

அப்படிப்பட்டவர் போன டிசம்பரில் ஒரு நாள் காலை பதினோரு மணிக்கே வீட்டுக்கு வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. "பத்து நாள் லீவு குடுத்துட்டாங்க" என்றார். லீவு கிடைத்ததற்கு யாராவது இப்படி முகத்தை வைத்துக்கொள்வார்களா?

கேட்காமல் வந்த விடுமுறை

அதன் பெயர் கட்டாய விடுப்பு. வங்கிகளில் முக்கியமான பொறுப்புகளில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, தொடர்ச்சியாக 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் லீவில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2021 ஜூலையில் அதைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். முன்கூட்டியே சொல்லக் கூடாது. அந்த நாட்களில் அவர் அலுவலகத்துக்கு வந்தோ, கம்ப்யூட்டர் வழியாகவோ தன் வேலையைத் தொடக் கூடாது. பொதுவான அலுவலக மெயிலை மட்டும் பார்க்கலாம்.

எதற்கு இந்த ஏற்பாடு? ஒருவருடைய நாற்காலியில் இன்னொருவர் பத்து நாள் உட்கார்ந்தால், ஒளித்துவைத்த எதுவும் வெளியே வந்துவிடும். 2008 ஜனவரியில் பிரான்ஸின் சொசியெத்தே ஜெனரால் வங்கிக்கு ஜெரோம் கெர்வியெல் என்ற ஒரே ஊழியரின் வர்த்தகத்தால் 490 கோடி யூரோ நஷ்டம் வந்தது. அவர் லீவு எடுப்பதைத் தவிர்த்துவந்ததையும் ஓர் எச்சரிக்கை மணியாகப் பிற்பாடு சுட்டிக்காட்டினார்கள். லீவு போடாத ஊழியரைத் தங்கமான பிள்ளை என்கிறோம். வங்கிகள் அவரைப் பார்த்துக் கொஞ்சம் பயப்படக் கற்றுக்கொண்டன.

இது எல்லோருக்கும் வருவது, தண்டனை இல்லை என்று இவருக்கும் தெரியும். இருந்தாலும், "29 வருஷ சர்வீஸ். ஒரு ரூபா குறைஞ்சதில்ல. என் சீட்டுல வேற ஒருத்தன் உக்காந்து தோண்டிப் பார்ப்பான்" என்று அன்று முழுக்க புலம்பினார். சாவியைக் கொடுத்துவிட்டு வந்த கை சும்மா இருக்கத் தெரியாமல் பேன்ட் பாக்கெட்டையே தடவிக்கொண்டிருந்தது.

செமஸ்டர் லீவுக்கு வந்திருந்த மகள்தான், "அப்பாவ இப்படியே விட்டா சோபாவுல உக்காந்து குரூப்பையே பார்த்துட்டு இருப்பாரும்மா. கொல்லிமலை போலாம்" என்றாள். 79 வயது மாமியாரையும் அழைத்துக்கொண்டு, நாமக்கல் வழியாகக் காரில் கிளம்பினோம். காரவள்ளி தாண்டியதும் 70 கொண்டை ஊசி வளைவுகள். அத்தை கையில் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்துவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

போன் அடிக்கவில்லை

முதல் இரண்டு நாள் அவர் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். நாங்கள் தங்கியிருந்த இடத்தில் சிக்னல் வரும், போகும். பலா மரத்தடியில் நின்றால் ஒரு கோடு, பைப்படியில் இரண்டு கோடு என்று ஒரு வரைபடமே போட்டுவைத்திருந்தார். ஆனால், சிக்னல் கிடைத்தபோதும் போன் அடிக்கவில்லை. அதுதான் அவரை அதிகம் வதைத்தது.

"ஒருத்தன்கூடக் கூப்பிடல."

"கூப்பிடக் கூடாதுன்னுதானேங்க விதி?"

"அதுக்காக... ஒரு சந்தேகம்கூடவா வராது?"

வேலை வந்து தொல்லை செய்கிறதே என்ற சலிப்புக்கு அடியில், நாம் இல்லாமல் அங்கே ஒன்றும் ஓடாது என்ற நினைப்பு ஒளிந்திருக்கிறது. அந்த நினைப்பு சுகமானது. விடுமுறையில் போனை அணைக்க முடியாததற்கு மேலதிகாரி மட்டும் காரணமில்லை. அணைத்துவிட்டு, அதன்பிறகும் எல்லாம் நன்றாகவே நடந்தால் என்ன செய்வது?

சட்டம் போட்டு இதைச் சரிசெய்யும் நாடுகள் உண்டு. பிரான்ஸில் வேலை நேரம் தாண்டியபின் தொடர்பைத் துண்டித்துக்கொள்ளும் உரிமை 2017 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட்டில் வந்தது. நம் நாடாளுமன்றத்திலும் 2018-ல் சுப்ரியா சுலே இதற்கென ஒரு தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. சட்டம் வந்தால் நல்லதுதான். அது மேலதிகாரியின் கையைக் கட்டும். பலா மரத்தடியில் சிக்னல் தேடும் மனிதரின் கையை யார் கட்டுவது?

மூன்றாம் நாள் காலை நல்ல பனிமூட்டம். வாசலில் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தைக்கு முடவாட்டுக்கால் கிழங்கு சூப் வாங்கிவந்து கொடுத்தார் இவர். அத்தை இவரை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்:

"சார்ஜ் ஒப்படைச்சாச்சா?"

போனைத்தான் கேட்கிறார் என்று நினைத்து மகள் சிரித்தாள். "ஃபுல் சார்ஜ் இருக்கு அப்பாயி. சிக்னல்தான் இல்ல."

அத்தை சிரிக்கவில்லை. "டைரியில கையெழுத்து வாங்கினியா? டோக்கன், கேஷு, சாவி எல்லாம் எண்ணிக் குடுத்தியா?"

ஸ்டேஷன் மாஸ்டரின் டைரி

என் மாமனார் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தவர். சேலம் - விருத்தாசலம் பாதை மீட்டர் கேஜாக இருந்த காலத்தில், சின்னசேலம், ஆத்தூர் என்று அந்தப் பக்கமே பல வருடம் ஓடியது. அவர் லீவில் போக வேண்டுமென்றால், ரிலீவிங் ஸ்டேஷன் மாஸ்டர் வந்து பொறுப்பேற்க வேண்டும். பெட்டியில் இருக்கும் பணம், விற்காத டிக்கெட்டுகள், சாவிகள், ஒற்றைப் பாதையில் எதிர் வண்டி வராது என்பதற்கு உத்தரவாதமாக டிரைவரிடம் கொடுக்கும் டோக்கன் என்று ஒவ்வொன்றையும் எண்ணிக் கொடுத்து, டைரியில் இருவரும் கையெழுத்துப் போடுவார்கள்.

அத்தை அன்று அரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினார். "கையெழுத்துப் போட்டுட்டு வெளிய வந்துட்டா, அப்புறம் அது அவன் ஸ்டேஷன். உங்கப்பா திரும்பிப் பார்க்கமாட்டாரு. குவார்ட்டர்ஸ்ல உக்காந்திருப்போம். அம்பது அடியில வண்டி வந்து நிக்கும், கூவும், போகும். 'லேட்டா வருதே, என்னன்னு பாருங்களேன்'னு நான் சொன்னா, 'சார்ஜ் என்கிட்ட இல்லடி'ன்னு புரண்டு படுத்துக்குவாரு."

நாங்கள் எல்லோரும் ரசித்துக் கேட்டோம். ரிலீவிங் மாஸ்டர்களின் பெயர் முதற்கொண்டு அத்தை ஞாபகமாகச் சொன்னார். பேசி முடித்து, காலியான சூப் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இவரைப் பார்த்து மறுபடியும் கேட்டார்: "சார்ஜ் ஒப்படைச்சாச்சா? டைரியில கையெழுத்து வாங்கினியா?"

சிரித்துக்கொண்டிருந்த மகள் நிறுத்திவிட்டாள்.

அத்தைக்கு ஆறேழு மாதமாகவே மறதி. காலையில் மாத்திரை போட்டதை மறந்து மறுபடி கேட்பார். ஒருநாள் பால் வாங்கப் போனவர், பக்கத்துத் தெருவில் வழி தெரியாமல் நின்றிருக்கிறார். ஒவ்வொரு முறையும் இவரிடம் சொல்லியிருக்கிறேன். "வயசாச்சுல்ல" என்பார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல். ராத்திரி ஒன்பது மணிக்கு வீட்டுக்கு வந்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டு, "சாப்டேம்ப்பா" என்ற பதிலை வாங்கிக்கொண்டு போகிறவருக்கு என்ன தெரியும்? ஒரே ஒரு கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்ல அத்தையால் முடிந்தது. இரண்டாவது கேள்வியை அவர் கேட்டதே இல்லை.

அன்று பகல் முழுக்க அவர் அம்மாவின் பக்கத்திலேயே இருந்தார். ஒரே கேள்வி நான்கு முறை வந்தது. நான்கு முறையும், "ஒப்படைச்சாச்சும்மா. எண்ணிக் குடுத்துட்டேன்" என்று பொறுமையாகப் பதில் சொன்னார். சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வந்து நின்று, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார். ஏற்கெனவே சொன்னதையெல்லாம் முதலிலிருந்து சொன்னேன். இந்த முறை கேட்டுக்கொண்டார்.

மீதமிருந்த நாட்களில் நாங்கள் ஊர் சுற்றிப் பார்த்தது குறைவுதான். அறப்பளீஸ்வரர் கோயிலுக்குப் போனோம். ஆகாய கங்கை அருவிக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட படிகள் இறங்க வேண்டும் என்பதால் அப்பாவும் மகளும் மட்டும் போய்வந்தார்கள். சோளக்காட்டுச் சந்தையில் மிளகும் அன்னாசியும் வாங்கினோம். மற்ற நேரமெல்லாம் அத்தை பேச, இவர் கேட்டார். மகள் தன் போனில் அதைப் பதிவு செய்துகொண்டே இருந்தாள். போனுக்கும் ஒரு நல்ல வேலை கிடைத்தது.

இப்போது சார்ஜ் யாரிடம்?

திருச்சி திரும்பிய மறுநாள், மீதி லீவு கையில் இருந்ததால், அவரே அத்தையை நரம்பியல் டாக்டரிடம் அழைத்துப்போனார். தைராய்டு, வைட்டமின் பி12 குறைந்தாலும் மறதி வரும் என்பதால் முதலில் அந்தப் பரிசோதனைகள் செய்தார்கள். பிறகு ஸ்கேன். இது டிமென்ஷியாவின் தொடக்கம் என்றார் டாக்டர். குணப்படுத்த முடியாது, ஆனால், சீக்கிரம் வந்ததால் மருந்தும் பழக்கங்களும் வைத்துக் கொஞ்சம் தள்ளிப்போட முயலலாம் என்றார். அதைக் கேட்டு சந்தோஷப்படுவதா, அழுவதா என்று தெரியவில்லை. ஆனால், இருட்டில் இருந்ததற்கு இது மேல்.

பத்து நாள் முடிந்து அவர் வேலைக்குப் போனார். செஸ்ட்டில் ஒரு ரூபாயும் குறையவில்லை. அவர் இல்லாமலேயே எல்லாம் நடந்திருந்தது. அது அவருக்கு வலிக்கும் என்று நினைத்தேன். "நல்லாத்தான் பார்த்திருக்கான் அந்தப் பையன்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார்.

அன்றிரவு நான் ஒரு விஷயம் கேட்டேன். "பேங்க்காரங்களுக்குக் கட்டாய விடுப்பு இருக்கு. எனக்கு?"

அத்தையைப் பார்த்துக்கொள்வது இனி 24 மணி நேர வேலை. மாத்திரை நேரம், குளியல், கதவுத் தாழ்ப்பாள், திரும்பத் திரும்ப வரும் கேள்விகள். இதில் சாவி முழுவதும் என் கையில் மட்டும் இருந்தால் ஒருநாள் நானும் உடைந்துபோவேன். பெட்டகத்துக்கே இரண்டு சாவி என்றால், ஒரு மனுஷிக்கு வேண்டாமா?

அவர் ஒரு நீளமான நோட்டு வாங்கிவந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, அத்தை சாப்பிட மறுத்தால் என்ன கொடுக்கலாம், எந்தப் பழைய பாட்டைப் போட்டால் அமைதியாவார், அவசரத்துக்கு யாரைக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அதில் இருக்கிறது. மாதத்தில் இரண்டு நாள், சனி ஞாயிறில், சார்ஜ் அவரிடம். வெள்ளி இரவு இருவரும் கையெழுத்துப் போடுகிறோம். விளையாட்டுக்குத்தான் ஆரம்பித்தோம். இப்போது கையெழுத்துப் போடாமல் நான் செருப்பைப் போடுவதில்லை.

அடுத்த முறை நீங்கள் வெளியூர் கிளம்பும்போது, போனை அணைப்பதா வேண்டாமா என்று யோசிப்பதற்கு முன்னால், அலுவலகமோ அடுப்படியோ, உங்கள் வேலையை யாரிடம் எண்ணிக் கொடுத்தீர்கள் என்று பாருங்கள். ஒப்படைக்காத வேலை போனை அணைத்தாலும் தலைக்குள் அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஒப்படைத்துவிட்டீர்களென்றால், அது அவர்களுடைய ஸ்டேஷன். வண்டி கொஞ்சம் லேட்டாக வந்தாலும் வந்துவிட்டுப் போகட்டும்.

போன மாதம் தஞ்சாவூரில் அக்கா வீட்டில் இரண்டு நாள் இருந்தேன். அவரிடமிருந்து ஒரே ஒரு போன்தான் வந்தது. "ரசப்பொடி எங்க இருக்கு?"

"நோட்டுல நாலாம் பக்கம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.