காரியம் இல்லாத ஒரு நாள்



சென்ற தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, என் ஐம்பத்து மூன்றாம் வயதில், நான் முதன்முறையாகத் தனியே திருச்சிக்குச் சென்று வந்தேன். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று இளைய சகோதரிகள் வியக்கக்கூடும். வேப்பந்தட்டையிலிருந்து திருச்சி கடல் கடந்த தேசமன்று; பெரம்பலூரில் பேருந்து மாறினால் காலைப் பொழுதுக்குள் சேர்ந்துவிடலாம். என் கணவர் உயிரோடிருந்த காலத்தில் அவருடன் எத்தனையோ முறை சென்றிருக்கிறேன். ஆயினும் நான் அறிந்த திருச்சி இரண்டே இடங்கள்தாம்: பெருநாளுக்கு முந்தைய வாரத்தின் ஜவுளிக்கடை, அவருடைய கடைசி ஆண்டில் ஒரு மருத்துவமனையின் தாழ்வாரம். இரண்டிற்கும் நடுவே ஒரு நகரம் இருந்தது. அதனை நான் ஆட்டோவின் பக்கவாட்டில் மட்டுமே பார்த்திருந்தேன்.

அவர் மறைந்து இரண்டு ஆண்டுகள் கடந்த பிறகு, அந்த நகரத்தை ஒரு நாள் நின்று பார்க்கவேண்டும் என்ற ஆசை எப்படியோ மனத்தில் முளைத்தது. துபாயிலிருக்கும் மகனிடம் சொன்னேன்.

“யாரும்மா கூட வர்றா?” என்றான்.

“யாரும் வரலப்பா.”

“என்ன காரியமா போறீங்க?”

“ஒரு காரியமும் இல்ல. சும்மா பார்க்கத்தான்.”

சற்று நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பெண் ஒருத்தி வெளியே செல்வதற்கு ஒரு காரியம் வேண்டும் என்பது நம் வீடுகளில் எழுதப்படாத சட்டம். திருமணம், மையித்து, மருத்துவம், ஜவுளி. இவற்றுள் எதிலும் அடங்காத பயணத்துக்கு நம்மிடம் பெயரே இல்லை.

மார்க்கத்தின் நிலையை அறியாமல் புறப்பட மனம் ஒப்பவில்லை. தொலைபேசியில் ஹஜ்ரத்திடம் கேட்டேன். ஹனஃபி மத்ஹபில் நாற்பத்தெட்டு மைல் அளவுள்ள தொலைவையே நம் நாட்டு ஆலிம்கள் பயணத் தொலைவாகக் கணக்கிடுகிறார்கள். மஹ்ரமான ஆண் துணையின்றிப் பெண் செல்லலாகாது என்ற சட்டமும் அத்தொலைவுக்கே பொருந்தும் என்று விளக்கினார். வழி அச்சமற்றதாக இருக்கவேண்டும் என்பதையும் வலியுறுத்தினார். வேப்பந்தட்டையிலிருந்து திருச்சி அந்த அளவுக்குச் சற்றே உட்பட்டது. “ஆனால் ஒன்றும்மா, நீங்க முஸாஃபிர் கணக்கில் வரமாட்டீங்க. லுஹரைச் சுருக்க முடியாது. நாலு ரக்அத்தும் முழுசாத் தொழணும்” என்றார். அந்த நாலு ரக்அத்துதான் அன்றைய நாளின் மையமாக ஆகப்போகிறது என்று அப்போது நான் அறியவில்லை.

சுபுஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டேன். பெரம்பலூர் வரை நகரப் பேருந்து. 2021ஆம் ஆண்டு மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்பதை நீங்கள் அறிவீர்கள். நடத்துநர் கிழித்துக் கொடுத்த அந்தக் கட்டணமில்லாச் சீட்டைப் பைக்குள் பத்திரப்படுத்தினேன். பேருந்தில் இருந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. சிலர் வேலைக்கு, சிலர் கல்லூரிக்கு. வேடிக்கை பார்க்கப் புறப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருந்திருப்பேன். பெரம்பலூரில் வண்டி மாறி, பாடாலூர், சமயபுரம் கடந்து, கொள்ளிடத்தையும் காவிரியையும் தாண்டியபோது, வீடுகளுக்கு மேலே மலைக்கோட்டை எழுந்து நின்றது. எண்பது மீட்டருக்கும் சற்று மேற்பட்ட ஒற்றைப் பாறை. இத்தனை ஆண்டுகளும் அது அங்கேயேதான் நின்றிருக்கிறது.

முதலில் மெயின் கார்டு கேட் அருகே இறங்கி, அரசு அருங்காட்சியகத்துக்குச் சென்றேன். அது இயங்கும் கட்டடத்துக்கு ராணி மங்கம்மாள் மகால் என்று பெயர். வளைவுகள் தாங்கிய அந்தத் தர்பார் மண்டபத்தில், சிலைகளைக் காட்டிலும் அந்தப் பெயரே என்னை நெடுநேரம் நிறுத்தியது. மங்கம்மாள் கணவரை இழந்தவர். பின்னர் மகனையும் இழந்தார். கைக்குழந்தையான பேரனுக்காக 1689 முதல் 1706 வரை மதுரை நாயக்க அரசை நடத்தினார். போர்களும் நடத்தியவர்தாம், ஆயினும் அவர் பெயரை மக்கள் நாவில் நிலைநிறுத்தியவை அவர் அமைத்த சாலைகளும் சாலையோரச் சத்திரங்களுமே. வழிப்போக்கருக்கு நிழல், தண்ணீர், தலைசாய்க்க ஓரிடம்.

அங்கே நின்றபோது நம் வரலாற்றின் இன்னொரு பெண்மணி நினைவுக்கு வந்தார். கலீஃபா ஹாரூன் அர்ரஷீதின் மனைவி சுபைதா அம்மையார். கூஃபாவிலிருந்து மக்கா வரை ஆயிரம் கிலோமீட்டருக்கும் நீண்ட பாலைவழியில் ஹாஜிகளுக்காகக் கிணறுகளும் நீர்த்தேக்கங்களும் தங்குமிடங்களும் அமைக்கப் பொருளை வாரி வழங்கியவர். அந்தப் பாதை இன்றும் ‘தர்ப் சுபைதா’, அதாவது சுபைதாவின் பாதை, என்றே வழங்குகிறது. ஒருவர் பாக்தாதில், ஒருவர் திருச்சியில். இடையில் ஒன்பது நூற்றாண்டுகள். ஆனால் பயணிக்கு முதலில் என்ன தேவை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே வந்து தெப்பக்குளத்தின் எதிரே ஒரு கடைப் பெஞ்சில் அமர்ந்து தேநீர் அருந்தினேன். கடையில் தனியே அமர்ந்து தேநீர் அருந்தியது என் வாழ்நாளில் அதுவே முதல். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு பெரிய நகரம் ஒரு பெண்ணுக்கு அளிக்கக்கூடிய மிகப்பெரிய மரியாதை அதுதான் என்று தோன்றியது.

பாங்கு ஒலித்தது. கடைவீதியின் ஒரு சந்துக்குள் மினாரா தெரிந்தது. அதனை நோக்கி நடந்தேன். வாசலில் இருந்த பெரியவர் எழுந்து நின்று, முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, “பெண்களுக்கு இங்க எடமில்லையேம்மா” என்றார். ஒளூச் செய்யவாவது ஒரு குழாய் உண்டா என்று கேட்டேன். “ஆம்பளைங்க ஹவுளு மட்டும்தாம்மா. வீட்டுல தொழுதுக்கறதுதானே பொம்பளைகளுக்குச் சிறப்பு” என்றார். அவர் குரலில் கடுமை இல்லை, சங்கடமே இருந்தது. பெண்கள் வீட்டில் தொழுவது சிறப்பு என்பதை நான் மறுக்கவில்லை. வாழ்நாள் முழுவதும் அப்படித்தான் தொழுதிருக்கிறேன். ஆனால் அந்த வேளையில் என் வீடு எழுபது கிலோமீட்டர் தொலைவில் இருந்தது.

வீதியில் நின்றேன். காலையிலிருந்து தோன்றாத அச்சம் அப்போதுதான் தோன்றியது. தனியே செல்லும் பெண்ணுக்குத் திருடன் வருவான், வம்பன் வருவான் என்றுதான் எல்லாரும் எச்சரித்திருந்தார்கள். கை கழுவி, கால் கழுவி, இறைவன் முன் நிற்க நான்கு சாண் இடம் கிடைக்காமல் போகலாம் என்று ஒருவரும் எச்சரிக்கவில்லை.

எதிரே ஒரு சிறிய தையற்கடை. நெற்றியில் குங்குமம் வைத்த ஓர் அம்மா இயந்திரத்தில் அமர்ந்திருந்தார். நான் நின்ற நிலையைப் பார்த்தே அவர் புரிந்துகொண்டிருக்கவேண்டும்.

“தொழணுமாக்கா? உள்ள வாங்க. பின்னாடி கொழா இருக்கு. ஒங்க ஆளுங்க அப்பப்ப வருவாங்க.”

துணிகள் அடுக்கிய பின்னறையில், வெட்டுமேசையை ஓரமாகத் தள்ளி இடம் செய்தார். மடிப்புக் கலையாத புதுத் துணி ஒன்றைத் தரையில் விரித்தார். “மேக்கால கொஞ்சம் வடக்க சாஞ்சாப்ல, அதானே?” என்று அவரே கிப்லாவைக் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார். நான் தொழுது முடிக்கும்வரை தையல் இயந்திரத்தின் ஓசை கேட்கவில்லை. எனக்காக நிறுத்தி வைத்திருந்தார் என்பது கதவைத் திறந்து வெளியே வந்தபோதுதான் தெரிந்தது.

அங்கிருந்து மதுரை சாலையிலுள்ள நத்ஹர்வலி தர்கா வளாகத்துக்குச் சென்றேன். ஸியாரத் பற்றி நம்மிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. நான் அதற்குள் செல்லவில்லை. கப்ருகளில் உள்ளோருக்கு ஸலாம் சொல்லி, அவர்களின் மன்னிப்புக்காக அல்லாஹ்விடம் கேட்டேன். என்னை அங்கே இழுத்தது வேறொரு செய்தி. எங்கள் மாவட்டத்தில், பெரம்பலூருக்கு வடக்கே சென்னை நெடுஞ்சாலையோரம் ரஞ்சன்குடிக் கோட்டை இருக்கிறது. 1751இல் அந்தப் பகுதியில் ஒரு போர் நடந்தது. ஒருபுறம் பிரெஞ்சுக்காரர்களின் துணையோடு சந்தா சாகிப். மறுபுறம் ஆங்கிலேயரின் துணையோடு முகமது அலி வாலாஜா. ஆர்க்காட்டு நவாப் பட்டம் யாருக்கு, திருச்சிக் கோட்டை யாருக்கு என்பதே வழக்கு. மறு ஆண்டே சந்தா சாகிப் தலை கொய்யப்பட்டார். வாலாஜா நெடுநாள் நவாபாக இருந்து 1795இல் இறந்தார். அந்த இருவரும் அடக்கம் செய்யப்பட்டிருப்பது இந்த ஒரே வளாகத்தில்தான். ஊரெல்லாம் தனக்கே இடம் என்று போரிட்டவர்களுக்கு முடிவில் கிடைத்தது ஆளுக்கு ஒரு முஸல்லா விரிக்கும் அளவு நிலம். உயிரோடு இருக்கும் ஒரு பெண் பள்ளிவாசலில் கேட்பதும் அவ்வளவே.

மூன்று மணிக்குப் பேருந்து ஏறி, அஸருக்கு வீடு வந்துவிட்டேன், அல்ஹம்துலில்லாஹ்.

சகோதரிகளே, அந்தப் பள்ளிவாசல் பெரியவர்மீது குறை சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. அன்றிரவு உறக்கம் வராமல் படுத்திருந்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளிவாசலைப் புதுப்பிக்கும் வரைபடத்தை என் கணவரும் ஜமாஅத்தாரும் எங்கள் வீட்டுக் கூடத்தில்தான் விரித்து வைத்துப் பேசினார்கள். நான் மூன்று முறை தேநீர் கொண்டுவந்து வைத்தேன். அந்தத் தாளை மூன்று முறையும் பார்த்தேன். பெண்களுக்கு ஒரு குழாய், ஒரு மறைப்பு வேண்டும் என்று என் கணவரிடம் தனிமையில்கூட நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் மறுத்திருக்கமாட்டார். வேண்டியவள் நான் இல்லை என்று எண்ணிக்கொண்டேன். என் வீடு மூன்றாம் வீடு அல்லவா? ஆத்தூர் சாலையில் பேருந்தை விட்டு இறங்கும் வெளியூர்ப் பெண்ணுக்கு அது மூன்றாம் வீடு இல்லை என்பது, நானே வெளியூர்ப் பெண்ணாக நின்ற நாளில்தான் எனக்கு உறைத்தது.

அல்லாஹ்வின் அடிமைப் பெண்களை அவனுடைய பள்ளிகளிலிருந்து தடுக்கவேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் கூறியிருப்பதை நாம் அறிவோம். நாம் யாரும் தடுப்பதில்லை. இடம் வைக்காமல் இருந்துவிடுகிறோம், அவ்வளவுதான்.

மறுவாரம் ஜமாஅத்துக்கு ஒரு கடிதம் எழுதினேன். பள்ளிவாசலின் பக்கவாட்டில் ஒரு சிறு அறையும் தனிக் குழாயும் அமைக்க என் நகையில் ஒரு பகுதியைத் தருவதாகத் தெரிவித்திருக்கிறேன். ஆலோசனை நடக்கிறது. அது முடியும்வரை காத்திருக்கவேண்டாம் என்று, மோதினாரிடம் ஒன்று சொல்லி வைத்தேன்: “எந்த ஊர்ப் பொம்பளையா இருந்தாலும் தொழ எடம் கேட்டா, நம்ம வீட்டுக்கு அனுப்புங்க.” கூடத்தில், வரைபடம் விரித்த அதே இடத்தில், ஒரு முஸல்லா எந்நேரமும் விரித்திருக்கிறது.

இதுவரை ஒரு முறை கதவு தட்டப்பட்டது. அரசு கலைக் கல்லூரியில் மகளைச் சேர்க்க வந்த ஒரு தாய். மகளும் உடன் இருந்தாள். அவர்கள் தொழுது முடிக்கும்வரை, சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியை நிறுத்தி வைத்திருந்தேன்.

திருச்சிக்கு மீண்டும் செல்வேன், இன்ஷா அல்லாஹ். அந்தத் தையற்கார அம்மாவிடம் ஒரு துணி தைக்கக் கொடுக்கவேண்டும். இம்முறை மகன் கேட்டால் சொல்வதற்கு ஒரு காரியமும் இருக்கிறது.

வஸ்ஸலாம்.