மீன் முட்டைப் புள்ளிகள்
டோக்கியோவில், உயெனோ தேசிய அருங்காட்சியகம் போயிருந்தேன். கண்ணாடிப் பேழைக்குள் உள்ளங்கை அகலத்தில் உலோகத் தகடுகள்! வாளின் அலகுக்கும் கைப்பிடிக்கும் நடுவே மாட்டும் ‘த்சுபா’வாம். தங்கம் மின்னிய ஒன்றைக் காட்டி, "இதுதான் ஒசத்தி!" என்றேன்.

கூட வந்த ஜப்பானியத் தோழி சிரித்தாள். "பக்கத்திலே அந்தக் கறுப்பைப் பாருங்க. செம்பிலே கொஞ்சம் தங்கம் கலந்து, பக்குவப்படுத்தி வரவழைச்ச நிறம். மீன் முட்டை மாதிரிப் புள்ளிங்க, ஒவ்வொண்ணும் கையாலே அடிச்சது. வரிசை கோணியிருக்கா?"

குனிந்து பார்த்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை!

1876-ல் வாள் தரித்து நடமாடத் தடை வந்ததும் இந்தத் தொழிலே நொடித்துவிட்டதாம். பலர் பூச்சாடி, நகை செய்யப் போனார்களாம்.

பளபளப்பையும் எடையையுமே பார்த்துப் பழகிய எனக்கு வெட்கமாயிருந்தது. அம்மாவின் பழைய வளையலை அழித்துப் புதிசு பண்ண நினைத்திருந்தேன். ஊர் திரும்பியதும் முதலில் அதன் வேலைப்பாட்டைப் பார்க்க வேண்டும்!