மடியில் கனமும் வழியில் பயமும்

போடிநாயக்கனூரில் பொழுது விடியுமுன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடும். ஏலத் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள் கையில் தூக்குவாளியுடன் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். வளைந்து வளைந்து செல்லும் மலைப் பாதையில் ஜீப்புகள் போடிமெட்டை நோக்கி ஏறும். மெட்டில் தமிழ் நாட்டின் எல்லை முடிகிறது, அப்பால் கேரளம். ஆகவே அங்கே சோதனைச் சாவடி உண்டு.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூப்பாறையில் நடந்த ஒரு கல்யாணத்துக்காக நானும் அந்தப் பாதையில் பிரயாணம் செய்தேன். பக்கத்தில் என் வகுப்பு மாணவன் ஒருவன். சாவடியில் காவலர் எல்லோருடைய பைகளையும் திறந்து காட்டச் சொன்னார், மரியாதையாகத்தான் சொன்னார். எதிரே இருந்த கிழவி, "தினம் இதே பாடுதானா, சாமி? என் சோத்து வாளியிலே என்னத்தைக் கண்டீங்க?" என்று முணுமுணுத்தாள். காவலர் சிரித்துக்கொண்டே வண்டியைப் போகவிட்டார்.

பையன் என் பக்கம் திரும்பினான். "மடியில் கனமில்லாவிட்டால் வழியில் பயமில்லை என்பார்களே, ஸார்! தப்புச் செய்யாதவன் சர்க்காரைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும்?" என்று கேட்டான்.

எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லிவிடுவது எங்கள் தொழிலுக்கே உரிய வியாதி. ஆனால் அன்று நான் வாய் திறக்கவில்லை. பையன் சொன்னதில் பாதி உண்மை என்று தெரிந்தது. மற்றப் பாதியைச் சொல்ல அவகாசம் வேண்டியிருந்தது.

முதலில் உண்மையான பாதியைச் சொல்லிவிடுகிறேன். காவல் இல்லாத தேசம் ஒரு நாள்கூடத் தரிக்காது. எங்கள் ஊருக்கு மேலே உள்ள குரங்கணி மலையில் 2018 மார்ச் 11ஆம் தேதி மூண்ட காட்டுத் தீயில் மலையேறச் சென்ற இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்குச் சர்க்கார் விதிகள் வகுத்தது. மலையை நம் வீட்டுக் கொல்லைப்புறமாக எண்ணிப் பழகிய எங்களுக்கு அது கொஞ்சம் கசந்தது வாஸ்தவம். ஆனால் அந்த விதி எல்லோருக்கும் பொது. அதன் காரணம் எல்லோருக்கும் தெரியும். ஆட்சேபம் இருந்தால் கோர்ட்டில் கேட்கவும் வழியுண்டு. இத்தகைய கட்டுப்பாட்டைச் சுதந்திரத்துக்கு விரோதம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மற்றப் பாதியைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டிக் கிழக்கே சென்றால் உசிலம்பட்டி வட்டாரம். 1911ஆம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இந்தப் பக்கத்து ஜனங்கள் 'ரேகைச் சட்டம்' என்றே சொல்வார்கள். கள்ளர் வகுப்பில் பிறந்த குற்றத்துக்காகவே ஆண் மக்களின் கை ரேகையைப் பதிவு செய்தார்கள். ராத்திரியில் ஆஜர் கொடுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3ஆம் தேதி பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மறுத்தபோது போலீஸார் சுட்டார்கள். மாண்டவர் பதினாறு பேருக்குக் குறையவில்லை; மாயக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருத்தி. அந்த ஜனங்களுக்காக மதுரையில் வாதாடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப்பை அவர்கள் 'ரோசாப்பூத் துரை' என்று அன்போடு அழைத்தார்கள்.

இந்தச் சட்டத்தின் விஷம் எங்கே இருந்தது? ஒரு வகுப்பைக் குற்றப் பரம்பரை என்று சர்க்கார் அறிவித்தது சரிதானா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள். காவல் கடுமையாக இருந்ததைக் காட்டிலும், அந்தக் காவலைக் கேட்பார் இல்லாததே பெரிய கொடுமை.

அது அந்நிய ஆட்சி. சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் ஒழிந்தது என்று சொல்லி நாம் நிம்மதியடையலாமா? 1950 பிப்ரவரியில், குடியரசு பிறந்து ஒரு மாதம் ஆனதும், விசாரணையின்றிக் காவலில் வைக்கும் தடுப்புக் காவல் சட்டத்தை நாமே இயற்றிக்கொண்டோம். ஓராண்டுக்கு மட்டும் என்று வந்த அந்தச் சட்டம் 1969ஆம் வருஷக் கடைசி வரையில் நீடித்தது. சென்னை ராஜ்யத்தில் காவலில் இருந்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஏ. கே. கோபாலன் அதை எதிர்த்துச் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். 1950 மே 19ஆம் தேதி கோர்ட்டார் சட்டத்தை ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் காவலுக்கான காரணத்தைக் கோர்ட்டுக்குக்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆம் பிரிவை மட்டும் தள்ளிவிட்டார்கள். தேச பாதுகாப்புக்காக எவ்வளவோ விட்டுக்கொடுத்த நீதிபதிகளும் அந்த ஒன்றை விட்டுக்கொடுக்கவில்லை.

இருபத்தாறு வருஷங்களுக்குப் பின் அதையும் விட்டுக்கொடுத்தார்கள். அவசர நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28ஆம் தேதி, காவலில் இருப்பவர் கோர்ட்டுக்கு வரவே உரிமையில்லை என்று ஐந்து நீதிபதிகளில் நால்வர் தீர்ப்புச் சொன்னார்கள். மறுத்தவர் எச். ஆர். கன்னா ஒருவரே. மறு வருஷம் அவருக்கு வர வேண்டிய தலைமை நீதிபதி பதவி வேறொருவருக்குப் போயிற்று. ஆயினும் எந்த அவசர நிலையிலும் உயிருரிமையைக் காக்கக் கோர்ட்டை நாடும் வழியை அடைக்க முடியாதபடி 1978இல் அரசியல் சட்டமே திருத்தப்பட்டது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கூடி அந்தப் பழைய தீர்ப்பைத் தவறென்று தள்ளினார்கள்.

இன்றும் நம் மாநிலத்தில் 1982ஆம் வருஷத்துக் குண்டர் சட்டம் அமுலில் இருக்கிறது. அதன்படி ஒருவரை விசாரணையின்றிப் பன்னிரண்டு மாதம் வரையில் காவலில் வைக்கலாம். ஆலோசனைக் குழுவின் முன் வக்கீல் வைத்து வாதாட அவருக்கு உரிமை கிடையாது. ஹைகோர்ட்டும் அதன் மதுரைக் கிளையும் இத்தகைய உத்தரவுகளைப் பலமுறை ரத்துச் செய்திருக்கின்றன. ஆனால் ரத்தாகும் வரையில் கழிந்த நாட்களை யார் திருப்பிக் கொடுப்பது? ரௌடிகளை அடக்க வேண்டாமா என்று கேட்பார்கள். அவசியம் அடக்க வேண்டும். குற்றம் இன்னதென்று சொல்லி, சாட்சி வைத்து, விசாரித்துத் தண்டிக்கட்டும். கெட்டவனுக்கென்று திறந்த சிறைக் கதவு நல்லவனைக் கண்டதும் தானாக மூடிக்கொள்வதில்லை. நமக்குப் பிடித்த சர்க்காரிடம் நாம் கொடுக்கும் அதிகாரம் நமக்குப் பிடிக்காத சர்க்காரின் கைக்கும் ஒரு நாள் போய்ச் சேரும். நம் வீடுகளில் இதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இவற்றையெல்லாம் வகுப்பில் இரண்டு நாள் பாடமாக நடத்தினேன். பையன் ஒன்றும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை காலையில் தாழ்வாரத்தில் எனக்காகக் காத்திருந்தான்.

"ஸார், வீட்டில் கேட்டேன். எங்கள் அப்பத்தாவின் தகப்பனாரும் ரேகை வைத்தவர்தானாம். பக்கத்துச் சீமையில் ஒரு கல்யாணத்துக்குப் போவதற்கும் சீட்டு வாங்கினாராம்" என்றான். சற்றுப் பொறுத்து, "அவர் மடியில் கனம் ஒன்றும் இல்லை, ஸார். ஆனாலும் வழியெல்லாம் பயந்துகொண்டுதான் நடந்தாராம்" என்றான்.

மடியில் கனம் உண்டா என்று சோதிக்கச் சர்க்காருக்கு உரிமை உண்டு. சோதிப்பவரைக் காரணம் கேட்க ஒரு நியாயஸ்தலம் இருக்கும் வரையில்தான் அந்தப் பழமொழி பலிக்கும் என்று அவனிடம் சொன்னேன். அதை என்னைவிட நன்றாக அவனுடைய அப்பத்தா அறிந்திருந்தாள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.